செம்பனை ஓரத்து மான்

வட சிலாங்கூரில், சுங்கை பெசார் கடற்கரையிலிருந்து கிழக்கே போகப் போக நிலம் பட்டை பட்டையாக மாறும். மீன்பிடிக் கம்பமும் தென்னையும் முதல் பட்டை. அடுத்து, வாய்க்கால்கள் கோடு கிழித்த நெல்வயல். அதற்கப்பால் செம்பனை. கடைசியில், கறுத்த நீர் தேங்கும் மக்கு மண்ணில் வளர்ந்த சதுப்புக்காடு. மலாயில் அந்த மண்ணை காம்புட் என்பார்கள். சுங்கை காராங், ராஜா மூசா ஆகிய வனக் காப்பகங்கள் இந்தக் கடைசிப் பட்டையில் அடங்கும். தெற்கே, இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்ஜுந்தை வரை, கோல சிலாங்கூர் தோட்டங்கள் பலவற்றுக்கு இந்தக் காடு அண்டை வீடு.

செம்பனையும் காடும் சந்திக்கும் அந்தக் கோடுதான் இந்த அத்தியாயத்தின் களம். சூழலியலாளர்கள் அதை விளிம்பு என்பார்கள். அடர்ந்த காட்டுக்குள் இலையெல்லாம் உயரத்தில் இருக்கும். தரையில் வெளிச்சம் குறைவு. விளிம்பில் வெயில் தரையைத் தொடுவதால் கொழுந்தும் புதரும் மானின் வாய்க்கு எட்டும் உயரத்தில் தழைக்கும். ஆகவே மான் விளிம்புக்கு வருகிறது. ஆனால் நாயும் கண்ணியும் சடக்கும் டார்ச் விளக்கும் இருப்பதும் அங்கேதான். வயிறு இழுக்க, பயம் தடுக்க, ஒவ்வொரு அடியையும் கணக்குப் பார்த்து வைக்கும் விலங்கு அது. அந்தக் கணக்கு தெரிந்தால் மானைப் படம் எடுக்கலாம்; அதைக் கெடுக்காமல் அருகே வாழவும் செய்யலாம்.

மூன்று விலங்குகள், இரண்டு மான்கள்

தீபகற்ப மலேசியாவில் உண்மையான மான் இனங்கள் இரண்டுதான். ஒன்று ரூசா; தமிழ்நாட்டில் கடமான் அல்லது மிளா. நன்கு வளர்ந்த கிடா 200 கிலோவைத் தாண்டும். பெரிய காடும் தண்ணீரும் கேட்கும் விலங்கு என்பதால் தோட்டத்து ஓரத்தில் அதைக் காண்பது அரிது. மற்றது கீஜாங்; தமிழில் கேளையாடு. ஏறக்குறைய 20 கிலோ எடை, சிவந்த பழுப்பு உடல், முகத்தில் வரி போல இறங்கும் இரு எலும்புத் தண்டுகள், அவற்றின் நுனியில் சிறு கொம்பு. ஆணுக்கு மேல்வாயில் வெளியே நீளும் கோரைப்பல்லும் உண்டு. ஆபத்தை உணர்ந்தால் நாய் குரைப்பது போலவே குரைக்கும். சில வேளை விட்டுவிட்டு நெடுநேரம். தோட்டத்து நாய் என்று நினைத்து நாம் பொருட்படுத்தாமல் விட்ட குரல்களில் சில கீஜாங்கினுடையதாக இருந்திருக்கலாம்.

கேளையாட்டின் உடலுக்குள்ளும் ஒரு வியப்பு இருக்கிறது. மனிதனுக்கு 46 குரோமோசோம்கள். இந்தியக் கேளையாட்டின் பெண்ணுக்கு ஆறே ஆறு, ஆணுக்கு ஏழு. பாலூட்டிகளில் இதைவிடக் குறைவாக எதற்கும் தெரியவில்லை என்று 1970-இல் வெளியான ஆய்வு உயிரியலாளர்களைத் திகைக்க வைத்தது. சீனத்தின் சிறு கேளையாட்டுக்கோ 46. மரபுச் செய்தி தொலையவில்லை. பல குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எண்ணிக்கை சுருங்கியது.

மூன்றாவது, பெலாண்டோக் அல்லது காஞ்சில். இது பெயரளவில்தான் மான். மேற்குத் தொடர்ச்சி மலையின் சருகுமான் சார்ந்த குடும்பமே இதற்கும். ஆனால் சருகுமானுக்கு உடலில் வெள்ளைப் புள்ளி வரிசைகள் உண்டு, பெலாண்டோக்குக்குக் கழுத்தடியில் மட்டும் வெள்ளைக் கோடுகள். எடை இரண்டு கிலோ அளவு. ஆணுக்கோ பெண்ணுக்கோ கொம்பு கிடையாது. மாட்டுக்கும் மானுக்கும் வயிறு நான்கு அறை. இதற்கு மூன்றாம் அறை சரியாக வளரவே இல்லை. அசைபோடும் விலங்குகளின் வமிசத்தில் மிகப் பழைய கிளை இது. கோபம் வந்தால் ஆண் பெலாண்டோக் பின்னங்காலால் தரையைத் தட்டும். நொடிக்கு ஏழு முறை வரை. கருக்காலம் நாலரை மாதம். குட்டி ஈன்ற சில மணி நேரத்திலேயே தாய் மறுபடி இணை சேரும் என்பதால், வளர்ந்த பெண் ஏறத்தாழ வாழ்நாள் முழுதும் சினையாகவே இருக்கும்.

மலாய்க் கதைகளில் முதலையையும் புலியையும் ஏமாற்றுவது இந்தச் சிறு விலங்குதான். பரமேஸ்வரனின் வேட்டை நாயை ஒரு பெலாண்டோக் உதைத்துத் தள்ளிய இடத்தில் மலாக்கா எழுந்தது என்பது மரபுக்கதை. மலாக்கா மாநிலச் சின்னத்தில் அது இன்றும் நிற்கிறது. 1994-இல் பெரோடுவா தன் முதல் காருக்கு வைத்த பெயரும் காஞ்சில்தான். நாடு முழுக்கப் பெயர் தெரியும். நேரில் பார்த்தவர் குறைவு.

செம்பனைத் தோட்டம் பச்சையாக இருப்பதால் தூரத்திலிருந்து காடு போலத் தோன்றும். மானுக்கு அது காடல்ல. மரத்தடியைச் சுற்றிப் புல் மருந்து அடித்த வட்டம், நிரைகளுக்கு நடுவே அறுவடைப் பாதை, உண்ணத்தக்க காட்டுப் பழம் எதுவும் இல்லை. எலி மிகுந்திருப்பதால் காட்டுப்பூனைக்கும், உதிர்ந்த பழத்துக்காகக் காட்டுப்பன்றிக்கும் தோட்டம் ஒத்துப்போகும். மானுக்கு அது பெரும்பாலும் கடந்து போகும் இடம். அல்லூர் ஓரத்தில் வெட்டாமல் விட்ட புதரும் காட்டை ஒட்டிய சில நிரைகளுமே அது துணிந்து கால் வைக்கும் பகுதி.

மான் நம்மை எப்படிப் பார்க்கிறது

மானின் கண் முகத்தின் பக்கவாட்டில் இருக்கிறது. தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 300 பாகை சுற்றளவைக் காணும். அதன் கண்மணி கிடைமட்டக் கோடு. 2015-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் பேங்க்ஸ் குழுவினர் 214 தரைவாழ் விலங்குகளின் கண்மணிகளை ஒப்பிட்டு இதற்குக் காரணம் சொன்னார்கள். பதுங்கிப் பாயும் சிறு வேட்டை விலங்குகளுக்குப் பெரும்பாலும் செங்குத்துக் கண்மணி. இரையாகும் மேய்ச்சல் விலங்குகளுக்குக் கிடைமட்டம். தரை மட்டத்தில் இருபுறமும் நீளும் காட்சி தெளிவாகும், மேலிருந்து கூசும் வெயில் குறையும். சரி, மேய்வதற்குத் தலையைக் கவிழ்த்தால்? ஆடு, குதிரை போன்ற விலங்குகளில் கண் குழியினுள்ளேயே 50 பாகைக்கு மேல் சுழன்று, கண்மணியைத் தரைக்கு இணையாகவே நிறுத்துகிறது. மேயும்போதும் காவல் தளர்வதில்லை.

நிறத்தில் மான் நம்மைவிட ஏழை. வட அமெரிக்க வெள்ளைவால் மானின் கண்ணை ஆராய்ந்தபோது, நமக்குள்ள மூவகை நிற உணரிகளில் இரண்டுதான் அதற்கு உண்டு என்று தெரிந்தது. சிவப்பைத் தனி நிறமாக அது அறியாது. நீலத்தை நன்றாக அறியும். நம் கண்ணுக்குப் படாத புற ஊதா ஒளியையும் ஓரளவு உணரும். எனவே காட்டுப்பச்சைச் சட்டை வாங்கச் செலவு செய்ய வேண்டாம். பழைய காவி, பழுப்பு, மங்கிய சிவப்பு எதுவும் போதும். நீல ஜீன்ஸும், வெண்மை கூட்டும் சலவைத்தூளில் துவைத்துப் பளிச்சிடும் சட்டையும்தான் கூடாது. அந்தத் தூளில் உள்ள பொருள் புற ஊதா ஒளியில் மினுங்கும். எந்த நிறத்தைவிடவும் மானுக்கு முதலில் தெரிவது அசைவு.

கண்ணுக்கு முன்பே மூக்கு முந்திக்கொள்ளும் என்பதால் காற்றின் திசை முக்கியம். சுங்கை பெசாரில் இதற்கு ஒரு நிலையான ஒழுங்கு உண்டு. இரவில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்வதால், விடியும்வரை காற்று காட்டிலிருந்து கடலை நோக்கி, கிழக்கிலிருந்து மேற்காக மெல்ல வீசும். தோட்டத்துப் பக்கம் நிற்பவரின் வாசம் அப்போது காட்டுக்குப் போகாது. வெயில் ஏறி நிலம் சூடானதும் கடற்காற்று எழுந்து திசை மாறும்; நம் வியர்வை, கொசு மருந்து, சிகரெட் எல்லாம் நேரே காட்டுக்குள் போகும்.

வெளிச்சமோ நேரெதிர். காலையில் சூரியன் காட்டுக்குப் பின்னாலிருந்து எழுவதால் விளிம்பில் நிற்கும் மான் கறுத்த நிழலுருவாகவே படத்தில் விழும். மாலையில் மேற்கு வெயில் காட்டின் முகத்தில் பொன்னாக விழும்போது காற்று நம்மைக் காட்டிக்கொடுக்கும். இந்தக் கரையோரத்தில் மானைப் படம் எடுப்பவருக்குக் காற்றும் ஒளியும் ஒருசேர வாய்ப்பதில்லை. அனுபவமுள்ளவர்கள் காற்றின் பக்கம் நிற்பார்கள்: விடியலுக்கு முன்பே போய், சூரியன் எழும்முன் உள்ள மங்கல் ஒளியில் எடுப்பார்கள். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடு என்பதால் அந்த அரையொளி இருபது நிமிடம் சொச்சம்தான்.

பயத்தின் கணக்கு

மனிதனைக் கண்ட மான் உடனே ஓடுவதில்லை. ஓடினால் மேய்ச்சல் போகும், சக்தி போகும், குட்டி தனியாகும். நின்றால் உயிர் போகலாம். இரண்டையும் எடை போட்டு ஒரு குறிப்பிட்ட தூரம்வரை பொறுத்திருக்கிறது. அந்தத் தூரம் கடக்கப்பட்டதும் பாய்கிறது. விலங்கு தப்பி ஓடுவது வெறும் அனிச்சையல்ல, லாப நட்டக் கணக்கு என்று ஈடன்பர்க், டில் என்னும் ஆய்வாளர்கள் 1986-இல் எழுதிய கட்டுரை இத்துறையின் அடித்தளம். வேட்டை நடக்கும் காட்டில் ஓட்டத் தூரம் நீளும். தொந்தரவில்லாத இடத்தில் சுருங்கும்.

கணக்கின் மற்றொரு பகுதி நேரம். 2018-இல் கேட்லின் கெய்னர் தலைமையிலான குழு, ஆறு கண்டங்களில் 62 பாலூட்டி இனங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து சயன்ஸ் இதழில் வெளியிட்டது. மனிதர் நடமாட்டம் உள்ள இடங்களில் விலங்குகளின் இரவு நடமாட்டம் சராசரியாக 1.36 மடங்கு கூடியிருந்தது. பகலும் இரவும் சரிபாதியாக உலவிய விலங்கு, மனிதனுக்கு அருகில் தன் நடமாட்டத்தில் 68 விழுக்காட்டை இரவில் வைத்துக்கொள்கிறது. வேட்டைக்காரன் மட்டுமல்ல, வேடிக்கை பார்ப்பவனும் நடைபயிற்சிக்குப் போகிறவனும்கூட இந்த மாற்றத்துக்குக் காரணம். தோட்டத்தில் குலை வெட்டும் பகல் வேளையில் மானே இல்லை என்று தோன்றுவது இதனால்தான்.

விளக்கும் பெட்டியும்

இரவு மானின் முதல் நல்ல படங்களை எடுத்தவர் ஜார்ஜ் ஷைராஸ் என்னும் அமெரிக்கர். படகின் முனையில் விளக்கு வைத்து, கரையில் நிற்கும் மானின் கண் ஒளிர்வதைக் குறிபார்த்துச் சுடுவது அவர் ஊர் வேட்டைமுறை. மானின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கிறது. உள்ளே வந்த ஒளியைத் திருப்பி அனுப்பி இருட்டில் பார்க்க உதவுவது. அதுவே விளக்கின் முன் மானைக் காட்டிக்கொடுக்கிறது. ஷைராஸ் துப்பாக்கியை வைத்துவிட்டு அந்த இடத்தில் கேமராவை வைத்தார். கம்பியை விலங்கே இடறித் தன்னைப் படமெடுத்துக்கொள்ளும் அமைப்பையும் செய்தார். 1906 ஜூலையில் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ் அவருடைய 74 படங்களை வெளியிட்டது. இந்தியாவில் வன அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன் இதே வழியில் புலிகளைப் படமெடுத்தார். சென்னையின் மா. கிருஷ்ணன் பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்த கருவியில் கருப்பு வெள்ளையில் யானைகளையும் மான்களையும் பதிவு செய்தார். நல்ல படத்துக்கு விலை உயர்ந்த கருவி நிபந்தனையல்ல.

இன்று ஷைராஸின் கம்பிக்குப் பதில் மரத்தில் கட்டும் தானியங்கிக் கேமரா வந்துவிட்டது. சுற்றுப்புறத்திலிருந்து வேறுபட்ட வெப்பம் அசைந்தால் அதன் சென்சார் விழித்துக்கொள்ளும். நம் நாட்டு நடுப்பகலில் சுற்றுப்புற வெப்பமே விலங்கின் உடல் வெப்பத்தை நெருங்குவதால் அது தவறவிடுவதும் உண்டு. பெலாண்டோக்கின் தோள் நம் முழங்காலுக்கும் கீழே. ஆகவே கேமராவை முழங்கால் உயரத்தில், பாதைக்குச் சற்றுச் சாய்வாகக் கட்ட வேண்டும். இடுப்பு உயரத்தில் கட்டினால் காட்டுப்பன்றியின் முதுகு மட்டுமே கிடைக்கும். சூரியன் நேரே விழும் கிழக்கையும் மேற்கையும் தவிர்த்து வடக்கோ தெற்கோ பார்க்க வைப்பது நல்லது. வெள்ளை ஃபிளாஷ் வேண்டாம். அகச்சிவப்பு விளக்கிலும் 850 நானோமீட்டர் வகை மங்கிய சிவப்பாகத் தெரியும், 940 வகை தெரியாது. காட்டுக் காப்பகத்துக்குள் கட்ட அனுமதி வேண்டும். தோட்டத்தில் கட்ட நிர்வாகத்திடம் சொல்ல வேண்டும்.

கையில் கேமராவோடு போகிறவருக்குக் காரே நல்ல மறைவிடம். பழகிய சடக்கில் நிற்கும் காரை மான் அவ்வளவாகப் பொருட்படுத்தாது. கதவைத் திறந்து ஒரு கால் கீழே வைத்ததும் ஓடிவிடும். தலையை நிமிர்த்துவது, காது நம் பக்கம் திரும்புவது, முன்னங்காலால் தரையைத் தட்டுவது, இவை ஓட்டத் தூரம் நெருங்கிவிட்டதன் அடையாளம். அங்கேயே நிற்க வேண்டும். முடிந்தால் பின்வாங்க வேண்டும். மேயும் மானின் படம் நல்ல படம். பாய்ந்தோடும் மானின் படம், எடுத்தவர் அதைத் துரத்தினார் என்பதற்குச் சாட்சி.

படங்கள் மாற்றிய கொள்கை

தானியங்கிக் கேமராவின் பெரிய பயன் அழகான படமல்ல, எண்ணிக்கை. முதுமலையில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தோடு இணைந்த ஆய்வாளர்கள் பழ மரத்தடியில் கேமரா வைத்து, உதிர்ந்த பழத்தை உண்மையில் தின்பது யார் என்று பார்த்தார்கள். நெல்லியைத் தின்று, அசைபோடும்போது கொட்டையை வேறிடத்தில் துப்பி, காட்டுக்கு விதை போடுவதில் மானினங்களுக்குப் பெரும் பங்கு இருப்பது இத்தகைய ஆய்வுகளில் உறுதியானது.

மலேசியாவில் அதன் பயன் கொள்கைவரை எட்டியது. வேறு வேறு குழுவினர் பெரும்பாலும் புலிக்காகப் பல காடுகளில் வைத்த கேமராக்களின் பதிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, ரூசா பல இடங்களில் கண்ணில் படவே இல்லை. சட்டப்படி உரிமம் வாங்கி வேட்டையாடக்கூடிய விலங்காகவே அது அதுவரை இருந்தது. ரூசாவும் கீஜாங்கும் மலாயாப் புலியின் முக்கிய இரை. இரை போனால் புலியும் போகும். 2009-இல் அரசு இந்த இரு மான்களின் வேட்டைக்குத் தடை விதித்தது. பின்னர் அதை நீட்டித்தது. 2010-இல் புதிய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. தடை தாமதமாக வந்தது என்பதே என் கருத்து: மலேசியக் காடுகளில் எஞ்சிய புலிகள் 150-க்கும் குறைவு என்று பின்னர் கணக்கெடுப்பு சொன்னது. ஆனாலும், புலிக்கு வைத்த கேமராவில் விழாத ஒரு மான் சட்டத்தை அசைத்தது என்பது சிறிய செய்தியல்ல.

பயம் தெளிந்த மான்

மான் மனிதனோடு ஒட்டிப் பழகிய ஊர்களும் உண்டு. திருகோணமலைக் கோட்டையில், கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில், புள்ளிமான்கள் பக்தர்கள் கையிலிருந்து வாழைப்பழம் வாங்கித் தின்னும். சென்னையில் 1978-இல் தேசியப் பூங்காவான கிண்டி, சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். அதில் மான்கள் உண்டு; அதை ஒட்டிய ஐஐடி வளாகத்தில் அவை மாணவர்களுக்கு நடுவே உலவும். ஜப்பானின் நாராவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மான்கள் தலை வணங்கி பிஸ்கட் கேட்கும். பார்க்க இனிமை, விலை கொடுப்பது மான். மூன்று ஊர்களிலும் மான் பிளாஸ்டிக் தின்று செத்த செய்தி வந்திருக்கிறது. 2019-இல் நாராவில் இறந்த ஒரு மானின் வயிற்றில் 4.3 கிலோ பிளாஸ்டிக் இருந்தது. சென்னையில் நாய்கள் கடித்துச் செத்தவையும் பல.

உணவே கொல்லவும் கூடும். அசைபோடும் விலங்கின் வயிறு நுண்ணுயிர்கள் இலையை நொதிக்க வைக்கும் தொட்டி. அதில் திடீரென்று சோறோ ரொட்டியோ நிறைய விழுந்தால் மாவுச்சத்தை உண்ணும் நுண்ணுயிர்கள் பெருகி, அமிலம் ஏறி, விலங்கு ஓரிரு நாளில் இறந்துபோகலாம். தின்னக் கொடுத்தவர் அதைப் பார்ப்பதில்லை.

கிண்டிக்குச் சுற்றுச்சுவர் இருக்கிறது. நாராவுக்குப் பக்தியும் காவலும் இருக்கின்றன. வட சிலாங்கூர் செம்பனை ஓரத்து மானுக்கு இரண்டும் இல்லை. அதற்கிருக்கும் ஒரே காவல் அதன் பயம். ஒரு மனிதனைக் கண்டு ஓடாமல் நிற்கக் கற்ற மான், அடுத்து வருபவன் கையில் டார்ச்சும் துப்பாக்கியும் இருந்தாலும் அப்படியே நிற்கும். படத்துக்காகப் பழம் போட்டுப் பழக்குகிறவர், தெரியாமலே கண்ணி வைப்பவனுக்கு வேலை செய்து கொடுக்கிறார். இங்கே நல்ல அண்டை வீட்டாராக இருப்பதன் பொருள், மானை நம்மிடம் சேர்ப்பதல்ல. நம்மிடமிருந்து தள்ளியே வைத்திருப்பது.

செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. உணவு போடாதீர்கள், குப்பையை மூடி வையுங்கள். வளர்ப்பு நாயை இரவில் கட்டி வையுங்கள். அல்லூர் ஓரப் புதரையும் காட்டை ஒட்டிய கரையையும் முழுக்க வழித்தெடுக்காதீர்கள். காட்டோரச் சடக்கில் அந்தியிலும் விடியலிலும் வேகம் குறையுங்கள். புதருக்குள் அசையாமல் படுத்திருக்கும் குட்டி அநாதையல்ல. தாய் மேயப் போயிருக்கிறது, பாலூட்டத் திரும்பி வரும். தொடாமல் விலகுங்கள். மானைத் துரத்திப் பிடிக்கவே கூடாது. துரத்தலின் அதிர்ச்சியில் தசை சிதைந்து, விட்ட பிறகும் சில நாளில் அது செத்துப்போகலாம். உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பது குற்றம். கம்பிக் கண்ணி கண்ணில் பட்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்கள்.

படம் கிடைத்துவிட்டதா? வெளியிடும் முன் கைப்பேசி அதில் பதித்த இடக் குறிப்பை நீக்குங்கள். தோட்டத்தின் பெயரையும் எழுத வேண்டாம், மாநிலப் பெயர் போதும். மானைப் பார்க்க ஆசைப்படும் ஆயிரம் பேர் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள். அவர்களில் ஒரு வேட்டைக்காரனும் இருக்கக்கூடும்.